ஒரே சீட்டில் இரண்டு துண்டு

போன வாரம் வேங்கிக்காலில், மகன் வீட்டில் இருந்தேன். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் யாராவது சிரித்தால் எனக்குக் கவலை வந்துவிடும்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. நான் எழுதின டிரைவர் ஒரு அட்ரஸைக் கேட்டுச்சு. அது வேற டிரைவர்கிட்ட இருக்கு, தர முடியாதுன்னு சிஸ்டம் சொல்லிடுச்சு."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் செருகும் கார்டுக்குள் ரிஜிஸ்டர் என்று சில குட்டி அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கதவு எண் மாதிரி ஓர் அட்ரஸ். கார்டை இயக்கும் புரோகிராம்தான் டிரைவர். 'இங்கிருந்து இதுவரை எனக்கு வேண்டும்' என்று அது முதலில் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டுமாம். அப்படிக் கேட்டு வாங்கும் இடத்துக்கு 'ரிசோர்ஸ்' என்று பெயர்.

கேட்டு வாங்குவதா? எங்கள் காலத்தில் ஏது இந்த மரியாதை? நேராகப் போய் உட்கார்ந்துவிடுவோம்!

எண்பதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் காதர் பாய் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். ஊரில் யார் கடையிலும் இல்லாத கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். மூட்டையைத் தராசில் வைத்தால் திரையில் எடை வர வேண்டும். பட்டனைத் தட்டினால் பிரின்டரில் எடைச் சீட்டு வர வேண்டும்.

பிரின்டர் கார்டும் அதன் புரோகிராமும் என் பொறுப்பு. தராசுக் கார்டும் அதன் புரோகிராமும் வேலூர் நண்பன் சண்முகத்தின் பொறுப்பு. இயக்குவதற்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் செல்வி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவள். அங்கே மறுநாளே வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

வெள்ளோட்டம். மூட்டையை வைத்தோம் — பிரின்டர் கன்னாபின்னாவென்று எழுத்துகளைத் துப்பியது. சீட்டு அடித்தோம் — காலித் தராசு நாற்பது கிலோ காட்டியது.

வியாபாரிகள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"இந்த வாரத்துக்குள்ள சரியாவலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன் சார். அப்புறம் இந்தப் பொண்ணுக்கு இங்க என்னா வேலை?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தோம். என் கார்டு 378-இல் தொடங்கி மூன்று அட்ரஸ். அவன் கார்டும் அதே 378, அதே மூன்று. ஒன்றின் மேல் ஒன்று!

"உன்னுதை மாத்துய்யா," என்றேன்.

"ஏன், நீ மாத்தேன்!"

"பிரின்டருக்கு எல்லா ஊர்லயும் இதான்யா அட்ரஸ்."

"உங்கப்பா பேர்ல பட்டா இருக்குதா?"

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோனது. செல்வி மட்டும் தினமும் வந்து, மெஷினைத் துடைத்துவிட்டு, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலை யாரும் வருமுன்னே போய், என் கார்டில் அட்ரஸை மாற்றும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியைப் பிடுங்கி 278-இல் செருகினேன். என் புரோகிராமிலும் எண்ணை மாற்றினேன். எதையும் மூன்று முறை சரிபார்க்கிற நான், அவன் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம்...

பாய் வந்தார். மூட்டையை வைத்தோம். பிரின்டர் மறுபடி துப்பியது!

"என்னா சார், மாத்தலியா?"

"மாத்திட்டேன் பாய்!" என்றேன்.

"நானும் நேத்து சாயங்காலமே மாத்திட்டேன் பாய்," என்றான் சண்முகம்.

அவன் பக்கம் திரும்பினேன். "எங்கய்யா மாத்துன?"

"278. நீ?"

பெட்டியைத் திறந்து என் கார்டைக் காட்டினேன்: அதுவும் 278. அதுவரை எங்களிடம் வாயே திறக்காத செல்வி வெடித்தாள்.

"என்னா சார் இது? பஸ்ஸுல ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரும் துண்டு போட்டீங்க, சண்டை போட்டீங்க. இப்ப ரெண்டு பேருமே எழுந்து போயி, பின்சீட்டுல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்துகினு இருக்கீங்க. முன்சீட்டு காலியா கெடக்குது!"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"சண்முகம் சார், நீங்க அங்கயே இருங்க. சார், நீங்க பழைய எடத்துக்கே போங்க. இனிமே யாரா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் உக்காரணும்."

போனேன். மூட்டை ஏறியது, எடை வந்தது, சீட்டு வந்தது.

பிடிவாதம் கெடுக்கும் என்று தெரியும். சொல்லாமல் செய்த விட்டுக்கொடுத்தலும் அதே அளவுக்குக் கெடுக்குமா? கெடுத்ததே! யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அறிந்த ஒருவரை இருவருமே கேட்கவில்லை. இன்றைக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பார்க்கும் வேலையை அன்றைக்குச் செல்வி பார்த்தாள். கடலைத் தூசி வாசனையும் அந்தப் பிரின்டரின் கிர்ர் சத்தமும் இப்போதும் எனக்கு வேண்டியிருக்கின்றன... அந்தத் தூசி வரவழைத்த தும்மலோடு சேர்த்து.

பாய் முதல் சீட்டைக் கிழித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இனிமே கோளாறு வந்தா யாரைக் கூப்பிடறது?"

"என்னை!" என்றோம், நானும் சண்முகமும் ஒரே நேரத்தில்.

"சரியாப் போச்சு. செல்வி பாத்துக்கும். நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."