பொம்மைப் பெட்டிப் பரீட்சை

எங்கள் விருத்தாசலத்திலிருந்து எந்த ஊருக்கு வேண்டுமானாலும் ரயில் பிடித்துப் போய்விடலாம். ஜங்ஷன் என்பதால் எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அப்படியிருக்க, சித்தப்பா சாப்பிட உட்கார்ந்த இடத்தில், தான் பைக்கிலேயே லடாக் போகப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா, "அங்க யாரு இருக்குறா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றார் சித்தப்பா. யாரும் இல்லாத ஊருக்கு எதற்குப் போகவேண்டும் என்பது அப்பாவின் கவலை. அங்கே போய் என்ன சாப்பிடுவார் என்பது என் கவலை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கேள்வி கேட்பதை ஒரு வேலையாகவே செய்துகொண்டிருந்தேன்.

சித்தப்பா எங்கள் ஊர்ப் பீங்கான் பொம்மை கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். அவருக்கு எப்போதும் ராத்திரி ஷிப்டு. சித்தி அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அது பகல் வேலை. காலையில் அவர் கண் சிவக்க வீட்டுக்குள் நுழையும்போது, அவள் சோற்று டப்பாவோடு செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவள் உள்ளே வரும்போது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் லீவுதான். ஆனால் வீட்டில் இருந்தவை இரண்டே அறைகள், அவற்றில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். சித்திக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் உரிமையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

சூளையின் உள்சுவரைப் பிரித்துக் கட்டுவதற்காகக் கம்பெனியில் சில வாரங்கள் அடுப்பை அணைக்கப் போகிறார்கள் என்ற செய்தியில்தான் லடாக் ஆரம்பித்தது. அத்தனை நீண்ட லீவு இனி எப்போது கிடைக்குமோ தெரியாது. கூட வேலை பார்க்கும் இரண்டு பேரும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். சித்தப்பா செல்போனில் பனிமலை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்துகொண்டே குளிருது என்று சொல்லுமளவுக்குப் போயிருந்தார்.

வண்டியைத் தயார் செய்கிற வேலை அன்றாடம் மதியத் தூக்கத்துக்குப் பிறகு வாசலில் நடந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு எதிரில் குந்திக்கொள்வேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினார். புது டயர் போட்டார். கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளை வைத்து டேப் சுற்றினார். எதுக்கு சித்தப்பா ரெண்டு என்று கேட்டேன்.

"மலையில அறுந்துபோச்சின்னா எங்க போயி தேடுறது? பக்கத்துலயே இருந்தா மாட்டிக்கினு போயிடலாம்ல."

அப்படியானால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டு போகலாமே, எஞ்சினையும்கூட, என்று நான் யோசனை சொன்னேன். அவர் ஸ்பேனரால் என் மண்டையில் மெதுவாக ஒன்று போட்டார்.

பாலக்கரை வெல்டிங் பட்டறையில் கேரியர் அடித்து, அதில் ஒரு தகரப் பெட்டியும் பூட்டியாயிற்று. பாக்கி இருந்தது அப்பாவின் சம்மதம் மட்டும்தான். சித்தப்பாவைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர் அப்பா. அவர் சரியென்று சொல்லாமல் சித்தப்பா பக்கத்து வேப்பூரைக்கூடத் தாண்ட மாட்டார். அப்பாவும் வாய்வார்த்தையில் சம்மதிக்கிற ஆள் இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு பரீட்சையை வைத்தார்.

"அந்தப் பெட்டியில பீங்கான் பொம்மய அடுக்கி நல்லா மோசமான ரோட்டுல ஓட்டிக்கினு வா. பொம்ம உடையாம வந்துச்சின்னா நீயும் உடையாம வருவ. அப்பறம் எங்க வேணாலும் போ."

பொம்மைகளுக்குப் பஞ்சமில்லை. வண்ணம் வழிந்தது, காது கோணலானது என்று கம்பெனியில் கழித்துப் போட்டவற்றைச் சித்தி முந்தானையில் கொண்டுவந்தாள். அடுக்குவதும் அவள் பொறுப்பானது. அதில் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை, ஏனென்றால் சித்தி கட்டிய பெட்டி டெல்லி வரைக்கும் போய் ஒரு கீறல் இல்லாமல் இறங்கும் என்று கம்பெனியில் பேர் வாங்கியிருந்தாள். லக்கேஜ் பாரத்துக்கு ஈடாகப் பின்சீட்டில் முதலில் அரிசி மூட்டையைக் கட்டினார்கள். அது தெருமுனையிலேயே சரிந்துவிட்டது. சித்தி கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள், தான் வேண்டுமானால் உட்கார்ந்து போகலாம் என்று. மூத்தார் எதிரில் வந்து பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அம்மா அதை அப்பாவிடம் சொல்ல, அப்பா தலையாட்ட, மூட்டைக்குப் பதில் சித்தி ஏறினாள். என்னையும் ஏற்றச் சொல்லி அழுதேன். பாரம் அதிகமாகிவிடும் என்றார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம். காலையில் போனவர்கள் மதியம் தாண்டித்தான் வந்தார்கள். சித்தியின் நெற்றியில் கோயில் குங்குமம் இருந்தது. அப்பா வைக்கோலை விலக்கிப் பெட்டிக்குள் கையை விட்டார். யானைக்குத் தும்பிக்கை போயிருந்தது. வாத்துக்கு மூக்கு இல்லை. அப்பா அம்மாவைப் பார்த்து, டெல்லிக்கே போற பெட்டி ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போக மாட்டேங்குதே என்றார். சித்தி கதவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். சித்தப்பா உடைந்த தும்பிக்கையை எடுத்து, முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பீங்கானோடேயே கிடக்கிறவர் அவர். எது எப்படி உடைந்தது என்று விரலே சொல்லிவிடும் என்பார். அன்றைக்கு அவர் விரல் என்ன சொன்னதோ, கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பின்னாடி ஷாக்அப்சர் டைட்டா இருக்குதுண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துடுவோம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சித்தி பெட்டி அடுக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேக்கிங்கில் முதல் பாடம் எனக்கும் தெரியும். இரண்டு பொம்மை ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது, நடுவில் வைக்கோல் இருக்கவேண்டும். சித்தி மற்ற எல்லாவற்றுக்கும் வைத்தாள். நடுவில் ஒரு யானையையும் ஒரு வாத்தையும் மட்டும் மூக்கோடு மூக்காக வைத்துவிட்டு மூடப்போனாள்.

"சித்தி, அது ரெண்டும் இடிச்சிக்கினு இருக்குது. நடுவுல வைக்கோல் வைக்கல."

"இருக்கட்டும். ரெண்டும் பேசிக்கினு வரட்டும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவ்வளவு தூரம் போகிறவை பேசாமல் எப்படிப் போகும்? யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேப்பூர் போய்விட்டு வந்தார்கள். ஹைவே ஓரத்து ஓட்டலில் சாப்பிட்டிருந்தார்கள், எனக்கு ஒரு பரோட்டாப் பொட்டலமும் வந்தது. பெட்டியில் யானையும் வாத்தும் மறுபடி மூளி. சித்தப்பா டயரில் காற்றைக் குறைத்தார். அதற்கடுத்த வாரம் கேரியருக்கு அடியில் ரப்பர் வைத்தார். அதற்கும் அடுத்த வாரம் பெட்டியையே இறக்கிக் கட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊர், ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒன்று உடைந்தது. அந்த யானையும் வாத்தும் உடைந்த புண்ணியத்தில், எங்கள் ஜில்லாவிலேயே அத்தனை நேர்த்தியாகத் தயாரான பைக் வேறு இருந்திருக்காது.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், தோற்றுத் தோற்று வருகிற ஆளாகச் சித்தப்பா தெரியவில்லை. விசிலடித்துக்கொண்டே வண்டியைக் கழுவினார். வாரநாட்களில் சித்தி காலையில் செருப்பு மாட்டும்போது, வரும் ஞாயிறு எந்தப் பக்க ரோடு மோசம் என்று இருவரும் வாசலில் நின்று ஆலோசித்தார்கள். லடாக் பயணம் நின்றுவிடக் கூடாது என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டது நான்தான். சித்தப்பா போகாவிட்டால் பள்ளிக்கூடத்தில் என் மானம் போய்விடும், அத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

சூளையை அணைத்துவிட்டார்கள். கூட வருகிற இரண்டு நண்பர்களும் வீட்டுக்கு வந்தார்கள். புதன்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம், இதற்குமேல் காத்திருந்தால் லீவு தீர்ந்துவிடும், நீ வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றார்கள். சித்தப்பா சிரித்து மழுப்பினார். அவர்கள் போனபிறகு நெடுநேரம் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் அந்தப் பனிமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி உள்ளேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை சித்தி வைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, பிரி பிரியாகத் திரித்துப் பொம்மைகளின் கழுத்தில் சுற்றினாள். ஒவ்வொன்றையும் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்கினாள். யானை ஒரு மூலைக்குப் போயிற்று, வாத்து இன்னொரு மூலைக்கு.

"அதுங்கள பக்கத்துல வைக்கலியா சித்தி?"

"இந்த வாட்டி வேணாம்."

மறுநாள் நண்பர்களும் வந்து வாசலில் காத்திருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் அப்பா பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, தரையில் வரிசையாக நிறுத்தினார். எல்லாம் முழுசாக நின்றன. நண்பர்கள் விசிலடித்தார்கள். அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டி, "போயிட்டு வா" என்றார். நான் தெருவில் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தேன்.

தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனபோது சித்தி தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா பக்கத்தில் நின்றார். அவர் கையில் அந்த யானை இருந்தது.

"ஏன் இப்பிடி பண்ண?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போயிட்டு வாங்க. எத்தினி நாளுக்குத்தான் உடைக்கிறது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தபிறகும் முந்தானையை எடுக்கவில்லை. அவர் யானையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார், முன்பக்கம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயமாகிவிட்டது. அப்பா கண்ணுக்குத் தப்பி எதுவோ உடைந்திருக்கிறது, அது இவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். வாசலுக்கு ஓடி, வரிசையாக நின்ற பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காது, வால், மூக்கு, அடிப்பாகம் எல்லாவற்றையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட எனக்கு அகப்படவில்லை.