இலவசப் பாறை

"கடல் யாருதுப்பா?" என்று கேட்டாள் என் மகள். ஏழு வயது.

"சாமியோடது" என்றேன்.

"அப்ப இந்த அங்கிள் எதுக்குக் காசு கேக்குறாரு?"

படகுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மீன் பிடிக்க அரை நாள் கூட்டிப்போக அவர் கேட்ட தொகையில் நாங்கள் மூவரும் ஊருக்கே திரும்பிவிடலாம். தூண்டில் வாடகை தனி. இரை தனி. லைஃப் ஜாக்கெட்கூடத் தனி. உயிருக்கு வாடகை போடுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். இரவில் கும்பிட்டுவிட்டுப் படுக்கிறவன் நான். பேய் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாதவன். என் வலது உள்ளங்கையில் இரண்டு கோடுகள் இன்றும் இருக்கின்றன. அவை ரேகைகள் அல்ல.

அந்தத் தீவுக்கு நான், மகள், என் மச்சினன் மூவரும் போயிருந்தோம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தன் கையால் ஒரே ஒரு மீன் பிடித்து அம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பதுதான் மகளின் ஆசை.

"எதுக்கு சார் படகு?" என்றார் விடுதி மேலாளர். "நம்ம விடுதிக்குப் பின்னாடியே பாறை இருக்கு. சும்மாவே உக்காந்து பிடிக்கலாம். கெஸ்ட் எல்லாம் அங்கதான் போவாங்க."

"குழந்தையோட போறோம். பயமில்லையே?"

"குளம் மாதிரி இருக்கும் சார்."

தெருமுனையில் இருந்த இரைக்கடை பூட்டிக் கிடந்தது. விடுதிச் சமையலறையில் கெஞ்சி ஒரு பை இறால் தலை வாங்கினோம். தண்ணீர் பாட்டிலில் நைலான் நரம்பைச் சுற்றி, ஈயக்குண்டுக்குப் பதில் ஒரு துருப்பிடித்த நட்டைக் கட்டினான் மச்சினன்.

"இதுல மாட்டுனா மீனுக்கே கௌரவக் குறைச்சல் மாமா" என்றான்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

பாறைக்குப் போனபோது மாலை ஐந்து பத்து. நல்ல வெளிச்சம். அங்கே முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வணக்கம் வைத்தேன். அவர் திரும்பவில்லை. மச்சினன் அவரைக் கண்டுகொள்ளாமல் ஒட்டி நடந்து போனான். மரியாதை தெரியாதவன் என்று மனதுக்குள் திட்டினேன்.

அவருடைய சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்... சத்தம் கேட்டது.

அவருக்குக் கீழே பாறை காய்ந்திருந்தது.

எங்களைக் கண்டதும் சிதறிய நண்டுகள் அவர் பாதத்தின் மேல் ஏறி இறங்கின. ஏதோ உறுத்தியது. ஆனால் அதற்குள் மகளின் தூண்டில் முள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது.

மொத்தம் இரண்டே முள். ஒன்றை ஏற்கெனவே தொலைத்திருந்தோம். நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பாசி படிந்த கீழ்த்தட்டில் இறங்கினேன்.

"அறுத்து விடு."

அவர்தான். குனிந்த தலை நிமிரவில்லை.

"இருக்கிறது இந்த ஒரு முள்ளுதான் சார்."

"அறுத்து விடு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. முதலில் படகுக்காரர். இப்போது இவர். ஒரு குழந்தை ஒரு மீன் பிடிப்பது இவர்களுக்கெல்லாம் அப்படி என்ன உறுத்துகிறது?

"உங்க வேலையப் பாருங்க" என்றேன். முன்பின் தெரியாதவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை.

இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

தண்ணீர் பின்வாங்கியது. சத்தமே இல்லாமல்...

நரம்பு இறுகியது. உள்ளங்கையை அறுத்தது. கீழிருந்து எதுவோ இழுத்தது.

மீன் அல்ல.

என் காதுக்குள் மூச்சு. ஈர மூச்சு.

"அறு."

நிமிர்ந்தேன். அவர் மேலேதான் இருந்தார். முதுகைக் காட்டியபடி.

டப்.

நரம்பு அறுந்தது. மேல்பாறையில் மல்லாந்து விழுந்தேன். நான் நின்ற இடத்தை ஆளுயர அலை ஒன்று விழுங்கியது.

மச்சினன் ஓடிவந்து என்னை இழுத்தான். முகம் வெளுத்திருந்தது.

"யாரோட மாமா சண்டை போட்டுட்டு இருந்தீங்க?"

"இங்க உக்காந்திருந்தாரே..."

"யாரு?"

அவர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அந்த நனைஞ்ச அங்கிள் தண்ணிக்குள்ள நடந்து போயிட்டாருப்பா."

திரும்பும் வழியில் இரைக்கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மா என் கையைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் துணி கிழித்துக் கட்டினார்.

"விடுதிக்குப் பின்னாடியா? பலகை பாக்கலையா?"

"எந்தப் பலகை?"

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க இறங்காதீங்கன்னு எழுதி நான்தான் அடிச்சு வெச்சேன். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம். யாரோ ஒரு கெஸ்ட்டோட புள்ளைக்கு முள்ளு மாட்டிக்கிச்சுன்னு எடுக்க இறங்குனாரு. நரம்பைக் கையில சுத்தியிருந்தாரு. அது அறுந்துபோகல. ஆளையே இழுத்துட்டுப் போயிருச்சு."

முடிச்சுப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அறுத்து விடச் சொன்னாரா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவர் சொல்லித் தப்பிச்சதுல நீங்க நாலாவது ஆளுங்க" என்றார்.

நேரே மேலாளரிடம் போனேன். பலகையைக் கழற்றியது அவர்தான். மறுக்கக்கூட இல்லை.

"அதப் பாத்தா கெஸ்ட் ரூமைக் கேன்சல் பண்றாங்க சார்."

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அது மூடியாகக் கிடந்தது.

"செத்துப்போன மனுஷன் நனைஞ்ச சட்டையோட உக்காந்து உங்க வேலையைப் பாத்துட்டிருக்காருய்யா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"மெதுவா சார். கெஸ்ட் இருக்காங்க" என்றார் அவர்.

 அந்தப் பாறையில் நடந்ததைவிட அந்தப் பதில்தான் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மறுநாள் விடியும் முன் தொட்டியிலிருந்து பலகையை எடுத்தேன். மகளும் மச்சினனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்கார அம்மாவிடமும் சொல்லவில்லை. பாறைக்குப் போகும் வழியில் பழைய கம்பம் அப்படியே நின்றது. கட்டுப் போட்ட கையால் ஆணியைப் பிடித்து, கல்லால் அடிக்கத் தொடங்கினேன்.

நீளமான பலகை. ஓர் ஆள் நேராகப் பிடித்து அடிக்கவே முடியாது. முதல் ஆணிக்கு மறுமுனை சரிந்து சரிந்து தொங்கியது.

இரண்டாவது ஆணிக்கு அது சரியவில்லை. யாரோ தாங்கிப் பிடித்ததுபோல் மட்டமாக நின்றது.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசி ஆணி வரை அடித்து முடித்தேன்.