கதவடி அன்ரிக்கு ஒரு கதிரை

ஏஞ்சலா செத்துப்போய்விட்டாள் என்று முதலில் நம்பியவர் யூனியன்வில்லில் இருக்கும் ஒரு தூரத்து உறவுக்கார அன்ரி. சோற்றுப் பெட்டியும் கறிகளும் கட்டிக்கொண்டு, முகத்தையும் அதற்கேற்றபடி வைத்துக்கொண்டு, ஸ்காபரோவில் ஏஞ்சலா வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது ஏஞ்சலாதான்.

"அப்ப ஏன் பிள்ளை படத்தைப் போட்டுக் காசு கேட்டனி?" என்று அன்ரி சீறினார். உயிரோடு இருப்பதற்காக ஒருவர் அவ்வளவு பேச்சு வாங்கியதை நான் கண்டதில்லை.

அன்ரியையும் குறை சொல்ல முடியாது. புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனத்தின் வட்ஸ்அப்பில் ஒரு முகமும் அதற்குக் கீழே எவ்வளவு காசு சேர்ந்தது என்று காட்டும் கோடும் வந்தால், ஒன்று செத்தவீடு, இல்லாவிட்டால் புற்றுநோய். வீடியோ கேம் செய்வதற்காக அப்படிக் கேட்டவள், நான் அறிய, ஏஞ்சலா ஒருத்திதான். அவளோடு சேர்ந்து கேட்டவள் நான். பெயர் ஜெசிகா. விளையாட்டின் மூளை அவளுடையது. அதில் வரும் முகங்கள் நான் கீறி வரைந்தவை.

விளையாட்டின் பெயர் 'முன் மேசை'. கலியாண ஹோல் ஒன்றின் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். விருந்தினர் வந்துகொண்டே இருப்பார்கள். கேக் வெட்டுவதற்குள் எல்லாரையும் இருத்தி முடிக்க வேண்டும். இந்த அங்கிள் அந்த அங்கிளோடு காணி வழக்கில் பேச்சில்லை. அந்த அன்ரிக்கு முன் மேசை தராவிட்டால் அன்பளிப்புக் காசு உறையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். முதல் மாதிரியை விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் சொந்தக்காரரைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு பெண் வருவாள். கத்தரிப்பூ நிறச் சேலை, கையில் உறை. பட்டியலில் அவள் பெயர் இருக்காது. கதவடியிலேயே நிற்பாள். அப்படியே விட்டுவிட்டால் கலியாணம் சோலியில்லாமல் முடியும். உள்ளே கூட்டி வந்தால் ஒவ்வொரு மேசையாக முகங்கள் கோணும். எது சரி என்று விளையாட்டு சொல்லாது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கதவடி அன்ரி.

அது யார் என்று நான் கேட்கவில்லை. கீறச் சொன்னபோது மாதிரிக்கு ஏஞ்சலா தந்தது தன் அம்மாவின் படத்தை.

அம்மா அருள்நாயகி, மன்னாரில் பிறந்தவர். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடம் ஒன்றில் இருபது வருடமாக வேலைக்கு நிற்கிறார். ஏஞ்சலாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குடித்துவிட்டு அடித்த கணவனை விட்டு வெளியேறினார். அடித்தவனை யாரும் விலக்கவில்லை. அவன் இன்றும் எல்லாக் கலியாணங்களிலும் நடு மேசையில் இருந்து சாப்பிடுகிறான். அருள்நாயகிக்குத்தான் கலியாணக் கார்ட் வருவது நின்றது. நிறுத்திவைத்தவர் அவருடைய சொந்த அண்ணன் அமிர்தநாதர். ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு, ஸ்காபரோவில் சொந்தமாக ஒரு கலியாண ஹோல், ஊர்ச் சங்கத்தின் தலைவர்.

தன் மூத்த மகனின் கலியாணத்துக்கு அவர் ஏஞ்சலாவின் பெயரை மட்டும் எழுதிக் கார்ட் கொண்டுவந்தார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. "ரெண்டு பேர் இருக்கிற வீடு மாமா. எங்களுக்கு எண்ணத் தெரியாது எண்டு நினைச்சீங்களோ?" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

வேலையிலும் அவள் அப்படித்தான். ஒரு நிறுவனத்தில் ஐந்து வருடம் போன் கேம்களில் பிழை பிடித்தாள். ஒரே மின்னஞ்சலில் அந்த மாடியில் வேலை செய்த எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கோப்பிக் கடை ஜன்னலில் வேலைக்கு நின்றுகொண்டே 'முன் மேசை'யைச் செய்தாள். டவுன்டவுனில் ஒரு வெளியீட்டாளருக்குக் காட்டினோம். அவருக்குப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை யானையில் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். "ஸ்காபரோவில யானையை எங்க பார்க் பண்ணுறது?" என்று கேட்டுவிட்டு ஏஞ்சலா லப்டொப்பை மூடினாள். காசு போகிறதே என்று எனக்குக் கவலை. ஆனாலும் பெருமையாகவும் இருந்தது.

அதன் பிறகுதான் சனத்திடமே கேட்பது என்று முடிவெடுத்தோம். இணையத்தில் அதற்கென்று தளங்கள் உண்டு. செய்யப்போவதைக் காட்ட வேண்டும். பிடித்தவர்கள் முன்கூட்டியே காசு போடுவார்கள், பதிலுக்கு விளையாட்டும் சின்னச் சின்னப் பரிசுகளும் கிடைக்கும். ஒரு சட்டம் மட்டும் பொல்லாதது. குறித்த நாளுக்குள் முழுத் தொகையும் சேர வேண்டும். ஒரு டொலர் குறைந்தாலும் அத்தனையும் போட்டவர்களுக்கே திரும்பிவிடும்.

கடைசிக் கிழமைக்கு வந்தபோது நாங்கள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அப்போதுதான் அமிர்தநாதர் வந்தார்.

தங்கையின் வீட்டுப் படியைப் பல வருடங்களுக்குப் பிறகு மிதித்தவர், தங்கையைப் பார்க்கவே இல்லை. அருள்நாயகி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோதும் ஏஞ்சலாவைப் பார்த்தே பேசினார்.

"நல்லாச் செய்திருக்கிறாய் பிள்ளை. எங்கட ஆக்களுக்கும் பெருமைதானே. மிச்சக் காசு முழுக்க நான் போடுறன்."

மிச்சம் எவ்வளவு என்று நான் போனில் பார்த்தேன்.

"அந்தக் கதவடியில நிக்கிறவளை மட்டும் எடுத்துவிடு. அடுத்த மாசம் என்ர மகளின்ர கலியாணம். எல்லாரும் போனில உந்த விளையாட்டைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வருவினம். உனக்கு விளங்கும்தானே."

"எடுக்க மாட்டன் மாமா," என்றாள் ஏஞ்சலா.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் அவவை வச்சனான்."

தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார். கதவு சாத்தியதும் அருள்நாயகி கோப்பையை எடுத்தபடி, "எடுத்துவிடு பிள்ளை," என்றார். "அந்த மனிசி நிண்டாலென்ன, போனாலென்ன? நான் பழகீட்டன். உன்ர வேலை கெடக்கூடாது." அந்தப் பாத்திரத்தை அவர் எப்போதும் 'அந்த மனிசி' என்றுதான் சொல்வார். யாரோ எவரோ மாதிரி.

ஏஞ்சலா கத்தினாள். மாமாவிடம் காட்டாத கோபம் முழுவதையும் அம்மாவிடம் கொட்டினாள். "நீங்கள் பழகினபடியாலதான் அவர் இஞ்ச வந்து விலை பேசுறார்!" சொன்ன கையோடு அழுதாள். எனக்கு இருவர் முகத்தையும் பார்க்கவே முடியவில்லை. மேசையில் இருந்த பென்சில்களைச் சும்மா சீவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவள் எங்கள் பக்கத்தில் இப்படி எழுதினாள்: "மிச்சத் தொகை முழுவதையும் தர ஒருவர் முன்வந்தார். கதவடியில் நிற்கும் பெண்ணை எடுத்துவிட வேண்டுமாம். எடுக்க மாட்டோம். அந்தப் பெண்ணுக்கு ஒரு மேசை போடப்போகிறோம், ஹோலின் நட்டநடுவில். ஒரு கதிரை அவருக்கு. மற்றக் கதிரைகள் விலைக்கு. வாங்குபவரின் முகமும் பெயரும் விளையாட்டில் இருக்கும். எந்தக் கலியாணத்துக்கும் கார்ட் வராதவர்கள் முதலில் வாருங்கள்."

பதினொரு மணிக்குள் ஊர்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். நீக்குவதற்கு முன் ஒருவர், "பிச்சைக் காசில பொம்மை விளையாட்டு" என்று எழுதியிருந்தார். "பிச்சை எடுக்கிறவள் தந்ததை வாங்கியிருப்பாள் அண்ணை. நான் முழுக் காசையும் வாசலோட திருப்பி அனுப்பினனான்," என்று பதில் போட்டுவிட்டுத்தான் வெளியே விழுந்தாள்.

முதல் கதிரையை வாங்கியவர் பிறம்ரனில் லொறி ஓட்டும் ஒரு பெண். கணவனை விட்டு வந்தவர். தன்னைச் சிரித்த முகமாகக் கீற வேண்டும் என்று எழுதினார். அடுத்து, ஜாபர் என்பவரைக் கலியாணம் கட்டியதற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு மன்னார்க்காரி. புருஷனுக்கும் தனக்குமாக இரண்டு கதிரை, பக்கத்தில் பக்கத்தில். எங்களை முன்பின் அறியாத, தமிழ்நாட்டிலிருந்து வந்து கணினி வேலை செய்யும் நிவேதிதா ஒன்று வாங்கினாள். "எங்க சித்திக்கும் இதே கதைதான். அவங்க முகத்தைப் போடுங்க," என்று படம் அனுப்பினாள். ஆணோடு வாழும் ஓர் ஆண், கைம்பெண்கள் இருவர், தன் அம்மாவுக்காக வாங்கிய ஒரு மகள். மேசை நிரம்பிவிட்டது. இன்னொன்று போட்டோம். அதுவும் நிரம்பியது. நான் சாப்பிடவும் நேரமில்லாமல் முகம் கீறினேன். இத்தனை பேரை நாங்கள் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று ஒவ்வொரு முகத்துக்கும் எனக்குக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிகிற நேரத்தில், கோடு நிரம்பியது. ஏஞ்சலா கோப்பிக் கடை உடுப்போடு வீட்டுக்குள் ஓடிவந்து சப்பாத்துக் காலோடு கட்டிலில் ஏறித் துள்ளினாள். அருள்நாயகி அதற்கும் ஏசினார்.

பின்னேரம் இன்னொரு கதிரை விற்றது. காசு தேவைப்படாத நேரத்தில் வந்த காசு. பெயர் முழுதாக இருந்தது, மறைக்கவில்லை: அகிலாண்டேஸ்வரி அமிர்தநாதர். மாமி. சைவக் குடும்பத்திலிருந்து அமிர்தநாதருக்கு மனைவியாக வந்து முப்பது வருடமாக அந்த வீட்டில் வாய் திறக்காமல் இருக்கும் மாமி. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "மச்சாளுக்குப் பக்கத்துக் கதிரை வேணும்."

ஏஞ்சலா அதைச் சத்தமாக வாசித்தாள். அருள்நாயகி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுத் தானும் ஒருமுறை வாசித்தார். திரையில் நான் கீறிய கத்தரிப்பூச் சேலை மேசை நடுவில் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கதிரையை விரலால் தொட்டார்.

"மச்சாளுக்கு இடது காது கேக்காது," என்றார். "அவவின்ர வலப்பக்கத்தில என்னை இருத்து."