மெடிக்கலுக்காக நிறுத்திய மாத்திரை

எங்கள் பெரம்பலூரில் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் பரீட்சைக்குப் போவது போலத்தான் போவார்கள். என் மாமனார் அதில் முதல் ரேங்க். ஒரு வாரம் முன்பே சோறு பாதியாகக் குறையும், டீயில் சர்க்கரை நிற்கும், காலையில் ஊறவைத்த வெந்தயம் வெறும் வயிற்றுக்குள் போகும். ரிசல்ட் வந்ததும், "பாத்தீங்களா மாப்ள, நார்மல்!" என்று அந்தத் தாளை ஆட்டிக் காட்டுவார். அன்று மத்தியானமே மைசூர்பாகு வந்து இறங்கும். அந்த வித்தையை என் தலையில் கட்டும்வரை எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

என் மனைவி நர்ஸ். திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை மேல் பரீட்சை எழுதி ஆஸ்திரேலியாவில் வேலை வாங்கினாள். அவள், நான், எங்கள் மகள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். மெடிக்கல் என்று விசாவுக்காக ஒரு உடல் பரிசோதனை உண்டு, அதில் ஒருவர் தேறாவிட்டால் மூவருக்கும் விசா கிடையாது என்றார்கள். வீட்டில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

நான் ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். சில வருடங்களுக்கு முன் எனக்குத் தூக்கம் போனது. பிறகு பசி போனது. ஒருநாள் பேனல் போர்டு முன்னால் நின்று எதை அணைக்க வந்தேன் என்று தெரியாமல் அழுதேன். திருச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவருக்கு 'நரம்பு டாக்டர்' என்று பெயர், அவர் தந்த மாத்திரைக்கு 'சத்து மாத்திரை' என்று பெயர். காலையில் இட்லி சாப்பிட்டதும் ஒன்று. தூங்கினேன், வேலைக்குப் போனேன், மகளின் வீட்டுப்பாடத்துக்காக அவளோடு மல்லுக்கட்டினேன். என் வியாதியின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த விசா ஏஜெண்ட் இதைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மெடிக்கல்ல கேப்பாங்க சார். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். கொலைக் குற்றத்தை மறைக்க யோசனை சொல்கிறவர் போல அவர் குரல் இறங்கியதை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமனார் அதற்கும் மேலே போனார். "வாயால இல்லைன்னா போதுமா? ரத்தத்துல காட்டிக் குடுத்துரும்ல. மெடிக்கலுக்குப் பத்து நாள் முன்னாடியே நிறுத்திருங்க மாப்ள. ஒடம்பு சுத்தமாயிரும்."

நான் மனைவியைப் பார்த்தேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வரும் நோயாளிகளை வார்டே அதிரும்படி திட்டுகிறவள் அவள். அன்று தரையைப் பார்த்துக்கொண்டு, "பத்து நாள்தானேங்க. பாப்பாவ நெனச்சுப் பாருங்க" என்றாள். நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் தலைசுற்றல் வந்தது. பிறகு தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே சின்னதாகக் கரண்ட் அடிப்பது போல ஒரு வெட்டு. கரண்ட் அடி வாங்கிப் பழகியவன் சொல்கிறேன், அது வேறு, இது வேறு. அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு முன்னால் வண்டி ஆடிவிட்டது. லாரிக்காரர் இறங்கி வந்து, "வூட்ல சொல்லிட்டு வந்தியாய்யா?" என்று கத்தினார். வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

சென்னையில் மெடிக்கல். கை நடுக்கத்தோடு போய் உட்கார்ந்தேன். பிரஷர் ஏறியிருந்தது. அந்த டாக்டரம்மா இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நடுங்கும் என் கையைப் பார்த்ததும் ஆத்திரம் பொங்கியது.

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் மேடம். நல்லாத்தான் இருந்தேன். உங்களுக்காக நிறுத்திட்டு வந்துருக்கேன்."

"எங்களுக்காகவா? யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் அவர். முழுவதையும் சொன்னேன். "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு ஒழுங்கா வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர் போயிருக்காங்க. மறைச்சாத்தான் வம்பு. இப்ப நீங்க திரும்ப ஆரம்பிச்சு, நிலையா இருக்கீங்கன்னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரணும். அதுவரைக்கும் நான் முடிவு எழுத முடியாது."

மூன்று பேர் விசாவும் நின்றது. நின்றது மாத்திரையால் இல்லை, அதை நிறுத்தியதால். இதை வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டீங்களே!" என்று மாமனார் குதித்தார்.

"உங்க சக்கரை மாத்திரைய ஒரு பத்து நாள் நிறுத்துங்க மாமா. அப்பறம் பேசுவோம்."

"அதெப்படி மாப்ள? அது உசுரு விஷயம்ல?"

"அப்ப என்னுது என்ன, மயிரு விஷயமா?" என்று கத்திவிட்டேன். மாமனாரிடம் பேசுகிற பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக இதுவரை நான் வருத்தப்படவில்லை.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரை போட்டேன். சில மாதங்கள் கழித்து என் டாக்டர் எழுதித் தந்தார், விசாவும் வந்தது. கிளம்புகிற அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மாமனார் நடுக்கூடத்தில் நின்று, "மாப்ளைக்கு ஒரு வியாதியும் இல்லைன்னு வெள்ளைக்காரனே சொல்லிட்டான்" என்று அறிவித்தார்.

"வியாதி இருக்கு மாமா" என்றேன். "மனசுக்குத்தான். தெனம் மாத்திரை சாப்பிடுறேன். அது தெரிஞ்சுதான் வரச் சொல்லிருக்காங்க."

யாரோ ஃபேனைக் கூட்டி வைத்தார்கள். என் மனைவி பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப இத யாரு கேட்டா?" என்றாள்.

சிட்னியில் இறங்கும்வரை அவள் என்னோடு பேசவில்லை.