ஒரு ‘வாங்க’வுக்காக

என் தங்கையை வில்லியனூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துத் திரும்பியவர். பத்துப் பேர் நடுவிலும் அவளை “வாங்க, போங்க” என்றுதான் பேசுவார். பெண்டாட்டியை அப்படிப் பேசும் ஆம்பிளையை எங்கள் பாகூர்ப் பக்கம் நான் கண்டதில்லை. என் புருஷனுக்கு நான் “ஏய்”. கொஞ்சம் பிரியம் வந்தால் “இந்தாடி”.

தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது தங்கை என்னைத் துணிக்கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்கார பாய் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க மதாம், உக்காருங்க” என்று பெஞ்சைத் துடைத்தார். பின்னால் நின்ற என்னிடம், “அந்தக் கூடைய ஓரமா வைம்மா” என்றார்.

“பாய், இவங்க எங்க அக்கா” என்றாள் தங்கை.

“அப்பிடியா? நீயும் உக்காரும்மா.”

நான் உட்காரவில்லை. அவள் எனக்காக எடுத்த சேலையையும் வேண்டாம் என்றுவிட்டேன். சின்ன வயதில் நான் தலை பின்னிவிட்டவள்தான். அவளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஊர் திரும்பிய அன்று மத்தியானம் புருஷன் கழனியிலிருந்து வந்தார்.

“சோறு ஆறுது. வா, துன்னு” என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியாரின் முறம் அப்படியே நின்றது.

“யார வான்னு கூப்புட்ற?” என்றார் புருஷன்.

“உன்னத்தான். என்ன நீ அப்பிடித்தான கூப்புட்ற?”

அடிப்பார் என்று நினைத்தேன். சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’ளும் இல்லை. “சோறு ஆச்சு” என்பேன், சுவரைப் பார்த்து. “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்பார், மாட்டைப் பார்த்து. வில்லியனூரில் இந்நேரம் மாப்பிள்ளை தங்கையிடம் என்ன பேசிக்கொண்டிருப்பாரோ என்று நினைத்து நினைத்துப் புழுங்குவேன்.

அப்படியே தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். பெண் குழந்தையோடு திரும்பி வந்தபோது, வண்டிச் சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க, வாங்க! நம்ம வூட்டுக்கு வர இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குள் அவர் கையை நீட்டி, என் மடியிலிருந்த குழந்தையைத் துணியோடு வாங்கிக்கொண்டார்.

“இன்னாத்துக்கு அழுவுறீங்க? வெயிலா இருக்குதா உங்களுக்கு?” என்று அதனிடம் பேசிக்கொண்டே உள்ளே போனார்.

நான் பிடிமானம் பார்த்து வண்டியிலிருந்து தனியாக இறங்கினேன். பெற்ற பெண் மேலேயே பொறாமை வந்தது.

“ஏய், இங்க வா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “புள்ளைக்கிப் பசிக்குது பாரு.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் பேசிய பேச்சு அது.