கிணற்றுத் தண்ணீர் ஆகாது

கருவேலம்பட்டைக் கஷாயத்தில் வெள்ளியை நுண்துகளாக்கி, அதைக்கொண்டு வாயில் வாழும் கிருமிகளைக் கொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு எப்பவோ சொல்லிட்டாங்க, இதுக்கு ஒரு பிஎச்டியா?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். "பட்டைக்கு நானோன்னு பேர் வெச்சா மருந்தாயிடுமா?" என்று கல்லூரியில் கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. செய்து பார்த்துவிட்டு வந்து பேசுகிறேன்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அப்பாவின் முன்பல். அவர் பட்டு நெய்பவர். இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவார். கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். கடித்துக் கடித்து அந்தப் பல்லில் ஒரு சின்ன வெட்டே விழுந்திருந்தது. ஈறு வீங்கி, துப்பினால் ரத்தம் வரும். கடைவாய்ப் பல் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. மருந்தில் வெள்ளி சேர்க்கிறேன் என்று சொன்னதும் அவரும் சிரித்தார்.

"நாப்பது வருஷமா சரிகைய கடிச்சிக்கினு இருக்கேன். அதுல இருக்கிறது வெள்ளிதான? ஒரு கிருமியும் சாவலையேமா?"

நல்ல கேள்வி. என் கல்லூரியில் யாரும் அதைக் கேட்கவில்லை. கம்பியாக இருக்கும் வெள்ளி சும்மா கிடக்கும், கண்ணுக்கே தெரியாத பொடியாக்கினால்தான் கிருமியோடு மல்லுக்கு நிற்கும் என்றேன். "ஆக்கிக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

ஆக்கிக் காட்டுவதற்கு நாள் குறைவாக இருந்தது. ஆராய்ச்சி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆண்டுக் கூட்டத்துக்குள் கஷாயத்தில் துகள் உருவாகாவிட்டால் தலைப்பை மாற்றிவிட வேண்டும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார். மாற்றினால், கடையில் ஏற்கெனவே விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கலாம். பட்டை போய்விடும். அப்பாவிடம் போட்ட சவாலும் போய்விடும். எனக்கு அது பொறுக்கவில்லை.

திருப்புட்குழிப் பக்கம் ஒரு வயல் வரப்பு மரத்தில் பட்டை உரித்து வந்து, செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலேயே காய்ச்சினேன். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக இருந்தது. ஆனால் எங்கள் கிணற்றில் ஊறுவது பாலாற்று நீர். இந்தத் தண்ணீரில் அலசினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பட்டுக்கே உகந்த தண்ணீர் கஷாயத்துக்கு ஆகாமலா போகும்?

போயிற்று. கஷாயத்தில் வெள்ளிக் கரைசலை விட்டதும் தெளிவாகக் கறுத்து வர வேண்டியது, திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே கதை.

"ஹெர்பல்னாலே இப்படித்தாம்மா. ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. டாபிக்கை மாத்திடலாம்" என்றார் வழிகாட்டி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பட்டை என்ன தப்பு செய்தது? அந்தக் கோபத்திலேயே ஒரு காரியம் செய்தேன். பட்டையே போடாமல், வெறும் கிணற்றுத் தண்ணீரில் வெள்ளிக் கரைசலை விட்டேன். அதே வெள்ளை. தண்ணீரில் இருந்த உப்பு, வெள்ளியைப் பிடித்து அடியில் உட்காரவைத்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உப்பைக் கண்டுபிடிக்க நானே செய்த சோதனை அது. ஊர்ப் பெருமை என் படிப்பை மறக்கடித்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதியாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னபோது தறியை நிறுத்திவிட்டார்.

"எந்தத் தண்ணிய கொற சொல்ற? இந்தத் தண்ணிலதான் உன் கல்யாணப் பட்ட அலசினேன்."

"பட்டுக்கு ஆவாதுன்னு சொல்லலப்பா. என் வெள்ளிக்கு ஆவாது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தறியை ஓட்டத் தொடங்கிவிட்டார். மறுநாள் ஆய்வகத் தண்ணீரில் காய்ச்சினேன். வெளிர் தேநீர் நிறத்தில் இருந்தது, வெள்ளிக் கரைசலை விட்டபின் மதியத்துக்குள் காபி டிக்காஷனாகக் கறுத்தது. அடியில் ஒரு வண்டல் இல்லை, துகள் உருவாகிவிட்டது. பிறகு அப்பாவின் ஈற்றோரம் எடுத்த அழுக்கிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்தேன். ("வாயத் தொறக்கறதுக்கு ஒரு கையெழுத்தா?" என்று திட்டிக்கொண்டேதான் படிவத்தில் ஒப்பம் போட்டார்.) கஷாயம் மட்டும், வெள்ளி மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று நனைத்த மூன்று காகித வில்லைகளைத் தட்டில் வைத்தேன். மூன்றாவதைச் சுற்றித்தான் கிருமி அண்டாத வட்டம் பெரிதாக விழுந்தது.

கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த நிபுணர், முதல் மூன்று முறை ஏன் கெட்டது என்று கேட்டார். கெமிக்கல் பழசு என்று சொல்லிவிடு என வழிகாட்டி முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி சார். பட்டுக்கு நல்லதுன்னு இதுக்கும் ஊத்திட்டேன்."

அறையே சிரித்தது. "அப்போ இது கைவைத்தியமா, சயின்ஸாம்மா?" என்றார் அவர்.

"தப்பு எங்க நடந்துச்சுன்னு தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன் சார். அது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கிருமித் தட்டின் படத்தை இன்னொரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார். தலைப்பு தப்பியது.

ஆய்வேட்டில் செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதினேன்: கிணற்றுத் தண்ணீர் பயன்படுத்தக் கூடாது. நம் முட்டாள்தனத்தை நாமே எழுதுவானேன், எடுத்துவிடு என்றார் வழிகாட்டி. நான் எடுக்கவில்லை.

அப்பா அந்த மருந்தைத் தனக்கு எப்போது தருவாய் என்று கேட்டார். தட்டில் கிருமி செத்தது சரி, வாய்க்குள் ஈறுக்குக் கெடுதல் இல்லை என்று தெரிய இன்னும் எவ்வளவோ பார்க்க வேண்டும் என்றேன். முகம் விழுந்துவிட்டது. பிறகு, ஆய்வேட்டில் தண்ணீரைப் பற்றி எழுதியதைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பட்டுக்கு ஆவும்னு பக்கத்துல எழுதினியா?"

"எழுதல. அத நான் சோதிக்கலையேப்பா."

"அப்ப சோதிச்சிப் பாரு" என்றவர், என்னைப் பார்த்துக்கொண்டே இழை நுனியைக் கடித்துத் துப்பினார். துப்பிய நுனி சிவந்திருந்தது.

"தண்ணி, மருந்து ரெண்டயும் சோதிக்கிறேன். அதுவரைக்கும் இதால வெட்டு" என்று கத்தரியை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.