ரெண்டு கோடு போட்ட சைக்கிள்

1. முதல் உத்தரவு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று தாசில்தார் போட்ட முதல் உத்தரவு தண்ணீரைப் பற்றியது.

“தம்பி, மிராசுதார் வீட்டுல காப்பி குடுப்பாங்க. குத்தகைக்காரங்க தெருவுல மோர் குடுப்பாங்க. ரெண்டையும் தொடாதீங்க. யாரு வண்டியிலயும் ஏறாதீங்க. ஏறுனா அன்னியிலேருந்து நீங்க அவங்க ஆளு.”

“அப்ப ஊருக்குள்ள எப்படி சார் போறது?”

“சொந்தமா ஒரு சைக்கிள் வாங்கிக்குங்க.”

திருவாரூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ். அதில் குத்தகைப் பதிவுப் பிரிவு. ஆட்சி மாறி, உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த நேரம். நிலத்துக்காரர் ‘இது சொந்தச் சாகுபடி, அவன் கூலியாள்’ என்பார். உழுகிறவர் ‘எங்கப்பா காலத்துக் குத்தகை’ என்பார். ரசீது யாரிடமும் இருக்காது. பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொன்னால்தான் பெயர் ஏறும். அந்தச் சாட்சியை ஊர் ஊராகப் போய் வாங்கி வருவது என் வேலை. தோளில் ஜோல்னாப் பை, கையில் மை டப்பா, வயிற்றில் திகில். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சிக் கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி. சில ஊர்களில் அறுப்புக்கே போலீஸ் வேன் வந்து நிற்கும்.

நானோ பேராவூரணித் தோப்புக்காரன், ஒண்டிக்கட்டை. எண்ணெய்க் கடை மாடியில் ஓர் அறை. பகலெல்லாம் யாரிடமும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவனிடம் சாயங்காலம் யார் வந்து பேசுவார்கள்? கீழே இருந்து நல்லெண்ணெய் வாசனை மட்டும் தவறாமல் படியேறி வரும்.

2. பெல் நன்றாக அடித்தது

கடைத்தெருவில் தங்கராசு என்பவர் பழைய சைக்கிள் விற்றார். கறுப்பு வண்டி ஒன்றைத் துடைத்து முன்னால் நிறுத்தினார்.

“கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குங்க சார். பண்ணை வீட்டு வண்டி. தேர் மாதிரி நிக்கும்.”

சைக்கிள் நிற்பதற்கா ஓடுவதற்கா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். பெல் அடிக்கிறதா, டைனமோ எரிகிறதா, கேரியர் பளபளக்கிறதா என்று பார்த்தேன். மூன்றும் பிரமாதம். பிரேமை ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

அது இருபத்து நாலு இஞ்சு பிரேம். நான் குள்ளன். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. இறங்குவதற்கு மைல்கல்லோ மதகுக் கட்டையோ வேண்டும். மைல்கல் இல்லாத ஊர்களுக்குப் போவதே எனக்குப் பயம். வண்டி வேறு எப்போதும் இடது பக்கமே இழுத்தது. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து, வலது பக்கம் சாய்ந்தே ஓட்டப் பழகிக்கொண்டேன்.

3. புரட்டாசிக் குயில்

ஒரு சிற்றூரில் கோவிந்தன் என்பவர் பெரிய பண்ணையின் மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, உழுதுகொண்டிருந்தார். பெயர் ஏறாவிட்டால், குறுவை அறுத்த கையோடு பண்ணை அவரை வெளியே அனுப்பிவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

போனேன். ஈரம் காயாத வாய்க்கால் கரையோடு போய், மதகைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைய வேண்டும். மதகை நெருங்கும்போது வயலில் ஒரு குயில் கூவியது. தெருவில் ஒரு ஆள் இல்லை. கொடியில் ஈரப் புடவை சொட்டுகிறது. வாசல் அடுப்பில் உலை பொங்கி வழிகிறது. சுற்றிலும் நூறு கண்கள் என்னைப் பார்ப்பதுபோல் முதுகு கூசியது. பெல் அடித்தேன். ஒரு கோழி மட்டும் வந்து விசாரித்தது. பொங்கும் உலையைப் பார்க்கச் சகிக்காமல் விறகை வெளியே இழுத்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாம் தடவையும் அதே குயில், அதே கோழி.

“அடுத்த தடவையும் ஆளு வரலேன்னா, ‘சாட்சி இல்லை’ன்னு எழுதி முடிச்சிடுங்க” என்றார் தாசில்தார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. கோவிந்தனுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதிதான் கோவிந்தனுக்கு. மீதிப் பாதி, ஊரையே ஓட வைக்கும் அளவுக்கு என் முகத்தில் என்ன இருக்கிறது என்ற கவலை. சவரக் கண்ணாடியில் பல கோணங்களில் பார்த்தேன். பயப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. மீசையே சரியாக முளைக்காத முகம்.

4. வாய்க்கால்

மூன்றாம் தடவை, முதல் நாள் பெய்த மழையில் கரை சேறாகியிருந்தது. குயில் கூவியது. இந்தத் தடவை ஆள் வந்தது. ஏழெட்டுப் பேர், கையில் அறுப்பு அரிவாள், வயலைக் குறுக்கே கடந்து என்னை நோக்கி.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த மைல்கல் இல்லை. மிதித்தேன். வலது பக்கம் சாய மறந்தேன். சைக்கிள் தன் சுபாவப்படி இடது பக்கம் போனது. இடது பக்கம் வாய்க்கால்.

தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் கண்ணைத் துடைத்தபோது கரையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வெட்டிடாதீங்க! எனக்கு நீச்சல் தெரியாது!” என்று கத்தினேன். இடுப்பளவு தண்ணீர்.

“நின்னா போதும் சார். நீந்த வேணாம்” என்றார் ஒரு பெண். அது கோவிந்தனின் மனைவி அஞ்சலை. “யாரு நீங்க? காரியஸ்தரு எங்க?”

“எந்தக் காரியஸ்தர்? நான் தாலுகா ஆபீஸ். சாட்சி வாங்க வந்தேன். நீங்க ஏன் என்னைக் கண்டா ஓடுறீங்க?”

“உங்களைக் கண்டு யாரு ஓடுனா? ரெண்டு கோட்டைக் கண்டு ஓடுனோம். அங்க பாருங்க.”

பார்த்தேன். நான் வந்த வழியெல்லாம் சேற்றில் இரண்டு கோடு. முன் சக்கரத்துக்கு ஒன்று, அதை ஒட்டி இரண்டு விரல் தள்ளிப் பின் சக்கரத்துக்கு ஒன்று.

“பண்ணைக் காரியஸ்தரு சைக்கிளு வண்டிமாட்டுல மோதி நெளிஞ்சதுலேருந்து ரெண்டு கோடுதான்” என்றார் கோவிந்தன். “வந்தாருன்னா வெத்துத் தாளுல கைநாட்டு வாங்கிடுவாரு. அப்பறம் நாங்க எல்லாம் கூலியாளுதான். குனிஞ்சு நடுறவங்களுக்கு ஆளு மூஞ்சி தெரியாது, கரையில கோடுதான் தெரியும். அதான் மதகுல நடவு நடுறவங்க அதைப் பாத்ததும் குயில் மாதிரி கூவுவாங்க. நீங்க சுத்தி வர்றதுக்குள்ள நாங்க நாணல் காட்டுக்குள்ள ஒளிஞ்சிடுவோம்.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு ஓடறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்.”

அரிவாளைப் பார்த்தேன். என் பயம் முழுக்க வீண் இல்லை என்பதில் ஒரு சின்னத் திருப்தி.

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்கு எங்க உலையைத் தணிச்சது நீங்களா?”

தலையாட்டினேன்.

“நாந்தான் சொன்னேனே, வந்தது காரியஸ்தரு இல்லன்னு! அவரா இருந்தா பானையை ஒதச்சிட்டுல்ல போயிருப்பாரு?” என்று கணவரை இடித்தார்.

வரப்பில் ஈரத் துணியோடு உட்கார்ந்து நாலு சாட்சி வாங்கினேன். மோர் கொண்டுவந்தார்கள். உத்தரவைச் சொல்லி மறுத்தேன்.

“வாய்க்கால் தண்ணியை மட்டும் அரைப்படி குடிச்சீங்களே?” என்றார் ஒருவர்.

“அது கவர்மெண்டுத் தண்ணி” என்றேன். சிரித்தார்கள். அந்த வேலையில் நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தது அன்று ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

5. நூல்

மறுநாள் தங்கராசு கடை. “பண்ணை வீட்டு வண்டின்னு நான் சொல்லித்தானே குடுத்தேன்?” என்றார் அவர். நியாயம்தான். பின் அச்சின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய், ஹேண்டில்பார் இறங்குகிற ஹெட் குழாயைச் சுற்றி, மறு முனைக்குக் கொண்டுவந்தார். நடுவில் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் கட்டைவிரல் நுழைகிற அளவு. மறு பக்கம் வெற்றிலைக் காம்புகூட நுழையவில்லை. பிறகு சவுக்குக் கழியைக் கொடுத்து நெம்பி, இரு பக்கமும் சமமாகும்வரை நிமிர்த்தினார்.

பழைய சைக்கிள் வாங்கப் போகும் தம்பிகளே, பெல்லை அப்புறம் அடியுங்கள். முதலில் அந்த நூலைக் கட்டுங்கள். ஹெட் குழாய்க்குக் கீழே பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கோ மோதிய வண்டி. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சீட்டை அக்குளில் வைத்துக் கையை நீட்டினால் விரல், பெடல்கள் சுற்றுகிற நடு அச்சைத் தொட வேண்டும். முழங்கையைச் சீட்டு மூக்கில் வைத்தால் விரல் நுனி ஹேண்டில்பாரை எட்ட வேண்டும். குறுக்குக் கம்பிக்கு மேல் நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கடைசியாக, ஈரத் தரையில் நேராக உருட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். எங்கள் பேராவூரணி மணலில் எந்தத் தடமும் நிற்காது. அதனால் எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. டெல்டாக் களிமண் எதையும் மறப்பதில்லை. முன்பு ஓட்டியவர் யார் என்றும் கேட்டுவிடுங்கள்.

கோவிந்தன் பெயர் ஏறியது. சொல்லிவிட்டு வர நிமிர்ந்த சைக்கிளில் போனேன். குயில் கூவவில்லை. அறுப்பு மும்முரம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மதகில் நின்று கத்திச் சொன்னேன். கோவிந்தன் தூரத்திலிருந்து தலைக்கு மேல் இரண்டு கையையும் கூப்பினார், மறுபடி குனிந்து அறுத்தார். மோர் கொண்டு வரலாமா என்று அஞ்சலை யோசித்தது தெரிந்தது. குடிக்கமாட்டார் என்று நினைவு வந்து நின்றுவிட்டார்.

நான் பண்ணை ஆளும் இல்லை, குத்தகை ஆளும் இல்லை. தங்கராசு கட்டிய நூல் மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் நான். கோணல் வண்டியில் வந்துகொண்டிருந்தவரையிலாவது ஊர் முழுக்க என் வருகை தெரிந்திருந்தது.

புதிதாகத் தொற்றிய பழக்கத்தில் பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கரை நெடுகிலும் ஒரே ஒரு கோடு. துணைக்கு வந்த இன்னொன்று இல்லை.